முதல்ல மூடியைத் திறங்க

உங்க சொந்தக்காரங்க யார்கிட்டயாவது ஒரு பழைய ஜிப்ஸி இருக்கா? இல்ல எஸ்டீம், பெலினோ, ஜென்? அதுல "வேற இன்ஜின் மாத்தியிருக்கு, கம்ப்யூட்டரும் ட்யூன் பண்ணியிருக்கு"ன்னு பெருமையா சொல்றாங்களா? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். படிச்சு முடிச்சதும் அந்த வண்டியோட டேஷ்போர்டுக்கு அடியில டார்ச் அடிச்சுப் பார்க்கணும்னு தோணும். தோணினா பாருங்க. ஸ்க்ரூ டிரைவரை மட்டும் கொஞ்சம் பொறுத்து எடுங்க.

நான் கள்ளக்குறிச்சிப் பக்கம். ஊர் பேரைச் சொன்னதும் ஹாஸ்டல்ல எல்லாருக்கும் 2024 ஜூன் செய்திதான் ஞாபகம் வருது. பரவாயில்லை, இன்னைக்கு வேற விஷயம் பேசலாம். கச்சிராயபாளையத்துல கோமுகி அணையைத் தாண்டினா ரோடு கல்வராயன் மலை மேல ஏறி வெள்ளிமலைக்குப் போகும். மலை ஊர்கள் பலதும் 2000, 3000 அடி உயரத்துல இருக்கு. புளி, கடுக்காய், தேன், சாமை, மரவள்ளி எல்லாம் மேலேயிருந்து கீழே வரணும். அரிசி, சிமெண்ட், மாத்திரை எல்லாம் கீழேயிருந்து மேல போகணும். ராத்திரியில யாருக்காவது முடியலைன்னா, ஆம்புலன்ஸ் மேல ஏறி வர்ற வரைக்கும் காத்திருக்காம பக்கத்து வீட்டு ஜீப்பைத்தான் எழுப்புவாங்க. அதனால எங்க பக்கம் ஒரு வண்டி "ஓடுதா"ன்னு கேட்டா, அந்தக் கேள்விக்கு எடை அதிகம்.

மலையில ஓடுற ஜீப்புகள்ல முக்கால்வாசி டீசல் மகேந்திரா. அதுல இன்ஜின் மாத்துறது எங்க ஊர் மெக்கானிக்குகளுக்குக் கைவந்த கலை. பம்ப் மெக்கானிக்கல், இன்ஜெக்டர் மெக்கானிக்கல், கம்ப்யூட்டர்னு ஒண்ணு கிடையவே கிடையாது. பவுண்டேஷன் அடிச்சு, கியர்பாக்ஸ் சேர்த்து, டீசல் பைப்பை மாட்டி செல்ஃப் அடிச்சா ஓடும். காதால கேட்டே பம்ப் டைமிங் வைக்கிற ஆட்களை நான் பார்த்திருக்கேன். அவங்களை நம்ம தெர்மல் லேபுக்கு ஒரு நாள் கூட்டிட்டு வரணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

சிக்கல் பெட்ரோல் ஜிப்ஸியில வருது. 1985 டிசம்பர்ல வந்த வண்டி அது. முதல்ல 970 சிசி இன்ஜின், கார்புரேட்டர். 1996-ல ஜிப்ஸி கிங்ல 1298 சிசி. 2000 வாக்குல அதே 1298 சிசி 16 வால்வா மாறி, கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ வந்து, 80 பிஎச்பி ஆச்சு. அங்கேதான் இசியூ உள்ளே நுழையுது. ராணுவம் ஏலம் விட்ட ஜிப்ஸிகள் ஊர் ஊரா வந்தப்போ, அதுக்குள்ள என்னென்ன இன்ஜின் ஏறிச்சுன்னு கணக்கே இல்லை. அதுல ரொம்பப் பேருக்குப் பிடிச்சது பெலினோவோட 1590 சிசி இன்ஜின். புது பெலினோ இல்லைங்க, 1999-ல வந்த அந்தப் பழைய செடான். ரெண்டும் சுசுகியோட ஜி வரிசை இன்ஜின்தான். பங்காளி மாதிரி. பாதி நட்டு போல்ட்டு ஒத்துப் போகும்.

எங்க மாமா போன வருஷம் சென்னையில இருந்து வாங்கினது அப்படி ஒரு ஜிப்ஸி. "பெலினோ இன்ஜின், பெலினோ கம்ப்யூட்டர், ஸ்டேஜ் 2 ட்யூனிங்"னு சொல்லித்தான் வித்தாங்க. இசியூ பெட்டி மேல மினுமினுன்னு ஒரு ஸ்டிக்கர் வேற. ஸ்டிக்கருக்காகவே விலை கூட.

வாங்கின வாரத்துலயே புகார் ஆரம்பிச்சிடுச்சு. வண்டி பின்னாடி நின்னா பெட்ரோல் வாடை. ப்ளக்கைக் கழட்டினா கரி. லிட்டருக்கு என்ன கொடுக்குதுன்னு மாமா வெளியே சொல்லவே இல்லை. மலை ஏறும்போது டெம்பரேச்சர் முள்ளு மேல போய்கிட்டே இருக்கும், ரேடியேட்டர் ஃபேன் மட்டும் சுத்தாது. மாமா ஒரு சுவிட்ச் வச்சு ஃபேனைக் கையாலயே போட்டு ஓட்டிட்டிருந்தார். "ஏம்பா மாப்ள, இதைத்தானே நாலு வருஷமா படிக்கிற, வந்து பாரேன்"னு கூப்பிட்டார். நான் மூணாவது வருஷம்தான்னு சொல்ல வாய் வரலை.

மல்டிமீட்டரோட போனேன். இதைக் கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா ஈசிஇ நண்பர்களுக்கு இது அல்வா மாதிரி. கூலண்ட் டெம்பரேச்சர் சென்சர்னா ஒரு என்டிசி தெர்மிஸ்டர். குளிர்ல ரெசிஸ்டன்ஸ் அதிகம், சூடாக ஆக குறையும். இந்த மாதிரி சென்சர் 20 டிகிரியில ரெண்டு, ரெண்டரை கிலோ ஓம் காட்டும். 80 டிகிரியில 300 ஓம் பக்கம் வந்துடும். இசியூ உள்ளேயிருந்து 5 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வழியா அனுப்பி, நடுவுல விழுற வோல்டேஜைப் பார்த்து சூட்டைக் கண்டுபிடிக்கும். இன்ஜின் நல்லா சூடானதும் சென்சர் முனையில அளந்தேன். சரியா 300 பக்கம். அதே ஒயரை இசியூ பக்கம் அளந்தேன். 800-க்குக் கொஞ்சம் கம்மி. ஒரு மீட்டர் செம்புக்கம்பி 470 ஓம் காட்டாதுன்னு நமக்கே தெரியும். டேப்பைப் பிரிச்சேன். மஞ்சள், ஊதா, பிரவுன். 470 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு அழகா சால்டர் பண்ணி, மேல ஸ்லீவ் போட்டு உட்கார்ந்திருந்தது.

இசியூவைப் பொறுத்தவரை இன்ஜின் ஆயுசுக்கும் 50 டிகிரியைத் தாண்டலை. "இன்னும் சூடாகலை"ன்னு நம்பி பெட்ரோலைக் கூட்டிக் கூட்டி ஊத்துது. ஃபேன் ரிலேயை ஓட்டுறதும் அதே இசியூ. 50 டிகிரி இன்ஜினுக்கு எதுக்கு ஃபேன்?

நான் என்ன செஞ்சிருப்பேன்னு உங்களுக்கே தெரியும். ரெசிஸ்டரைப் பிடுங்கி ஒயரை நேரா இணைச்சேன். ஃபேன் தானா சுத்துச்சு. பெட்ரோல் வாடை போச்சு. ஐட்லிங் மெத்துன்னு நின்னுச்சு. அத்தை காபி போட்டு, கூட முறுக்கும் வச்சாங்க. அன்னைக்கு ராத்திரி டிபார்ட்மெண்ட் க்ரூப்ல அந்த ரெசிஸ்டர் போட்டோவைப் போட்டு, "ஒரு ரூபா சாமான், ஒரு லட்ச ரூபா பொய்"னு எழுதி அறுபது லைக் வாங்கினேன்.

மூணாவது நாள் மாமா மலை ஏறும்போது, பாதி வழியில, தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி சத்தம். நாக்கிங். காலை எடுத்தா நிக்கும், அழுத்தினா வரும். இன்னும் ரெண்டு வளைவு போனதும் இழுவை செத்துப் போச்சு. ஓரம் கட்டிட்டார். மேல ஒரு வீட்டுல காய்ச்சல் கண்ட பிள்ளையை ஏத்திட்டு வர்றதா சொல்லியிருந்தார். அவங்க அரை மணி நேரம் பார்த்துட்டு, வேற ஜீப் பிடிச்சு இறங்கினாங்க. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலை. மாமாவும் என்னை ஒரு வார்த்தை கேட்கலை. அதுதான் எனக்குத் தாங்கலை.

ப்ளக்கைக் கழட்டினா பீங்கான் சுண்ணாம்பா வெளுத்து, மேல மிளகுத்தூள் தூவின மாதிரி புள்ளி. இன்னும் ஒரு கிலோமீட்டர் அழுத்தியிருந்தா பிஸ்டன் போயிருக்கும். அப்போதான் எனக்கு உறைச்சுது. அந்த ரெசிஸ்டரை வச்சவன் முட்டாள் இல்லை. அவன் ஏதோ ஒரு புண்ணுக்குக் கட்டுப் போட்டிருக்கான். நான் புண்ணு எங்கேன்னு பார்க்காம கட்டை மட்டும் பிரிச்சிருக்கேன்.

அன்னைக்குத்தான் இசியூ பெட்டியைக் கழட்டினேன். முதல் நாளே செஞ்சிருக்க வேண்டிய வேலை. ஸ்டிக்கரை டீ கெட்டில் ஆவியில காட்டி மெதுவா உரிச்சா, அடியில கம்பெனி லேபிள் அப்படியே இருக்கு. அதுல இருந்த எண்ணை பார்ட்ஸ் கேட்டலாக்ல தேடினோம். பெலினோவும் இல்லை, ஜிப்ஸியும் இல்லை. எஸ்டீம் 1.3-ஓட இசியூ.

கவர் ஸ்க்ரூக்களைப் பார்த்தோம், தலையில ஒரு கீறல் இல்லை. உள்ளே போர்டு மேல கம்பெனி போட்ட வார்னிஷ் பூச்சு அப்படியே பளபளன்னு இருக்கு. சாக்கெட் இல்லை, புது சால்டர் இல்லை, ஃப்ளக்ஸ் கறை இல்லை, ஜம்பர் ஒயர் இல்லை. கம்பெனியில மூடினதுக்கு அப்புறம் அந்தப் பெட்டியை மனுஷன் யாரும் திறக்கவே இல்லை. ஸ்டேஜ் 2-வாவது ஒண்ணாவது! மொத்த ட்யூனிங்கும் நான் பிடுங்கின அந்த 470 ஓம்தான்.

இப்போ கணக்கைப் பாருங்க, எங்கே தப்பு நடந்துச்சுன்னு தெரியும். இந்த வகை இசியூ உள்ளே போற காத்தை நேரா அளக்கிறதில்லை. மேனிஃபோல்டு பிரஷர், ஆர்பிஎம், காத்தோட சூடு மூணையும் வச்சு, "நான் ஓட்டுறது 1298 சிசி"ங்கிற நினைப்புல காத்தைக் கணக்குப் போடும். ஆனா வண்டியில இருக்கிறது 1590 சிசி. 1590-ஐ 1298-ஆல வகுத்தா 1.225. அதே பிரஷர்ல 22 சதவீதத்துக்கும் மேல காத்து அதிகமா போகுது, பெட்ரோல் மட்டும் பழைய அளவு. முழு த்ராட்டில்ல 12.5-க்கு ஒண்ணுன்னு கலக்க நினைச்சா, உண்மையில கலக்கிறது 15.3-க்கு ஒண்ணு.

இதோட முடியலை. அந்த டேபிள் எழுதின காலத்துல பங்க்ல கிடைச்சது எத்தனால் கலக்காத பெட்ரோல். இன்னைக்கு நாம போடுறது இ20. சாதா பெட்ரோல் முழுசா எரிய 14.7 பங்கு காத்து வேணும், இ20-க்கு 13.5 பக்கம் போதும். அதாவது ஒரே அளவு ஊத்தினாலும் இ20 இன்னொரு ஏழு எட்டு சதவீதம் லீன். ரெண்டையும் பெருக்கினா முழு லோடுல லாம்டா 0.85-ல நிக்க வேண்டியது 1.1-ஐத் தாண்டுது. ஆக்சிஜன் சென்சர் திருத்தாதான்னு கேட்பீங்க. ஊருக்குள்ள மெதுவா ஓட்டும்போது திருத்தும். அதுக்கும் எல்லை உண்டு, பொதுவா 25 சதவீதம் பக்கம். முழுசா அழுத்தினா இசியூ அந்த சென்சரைப் பார்க்கிறதையே விட்டுட்டு, டேபிளை மட்டும் நம்பும். மலை ஏறும்போது நாம முழுசாத்தான் அழுத்துவோம். அதனாலதான் கள்ளக்குறிச்சி டவுனுக்குள்ள மூணு நாள் தங்கமா ஓடின வண்டி மலையில வேலையைக் காட்டுச்சு.

"மலைக் காத்து அடர்த்தி கம்மி, அதான் நாக் ஆகுது"ன்னு ஒரு சீனியர் சொன்னார். 2500 அடியில காத்தழுத்தம் 92 கிலோபாஸ்கல் பக்கம், கீழே இருக்கிறதைவிட 9 சதவீதம் கம்மி. அதனால சிலிண்டருக்குள்ள போற காத்தும் கம்மி, நாக் ஆகுற வாய்ப்பும் கொஞ்சம் கம்மிதான். மேனிஃபோல்டு பிரஷரைப் பார்க்கிற இசியூ இதைத் தானே சரி பண்ணிக்கும். மலையை மாட்டிக் குடுக்கிறது த்ராட்டில் கோணத்தை மட்டும் வச்சு ட்யூன் பண்ணின வண்டிகள்ல. சென்னையில கடல்மட்டத்துல டேபிள் எழுதி, காத்தழுத்தத் திருத்தம் வைக்காம விட்டா, மேல வரும்போது ரிச்சாகிப் புகை கக்கும். எங்களோடது நேர் எதிர்க் கதை.

சரி, உங்க கையில ஒரு பெட்டி கிடைச்சா எப்படிப் பார்ப்பீங்க? லேபிள்ல ஆரம்பிங்க. இசியூ எண்ணோட முதல் அஞ்சு இலக்கம் கார் கம்பெனியோட பாஷை. சுசுகி, மாருதின்னா 33920. ஹோண்டான்னா 37820. டொயோட்டான்னா 89661. அடுத்து வர்ற குறியீடுதான் எந்த மாடல்னு சொல்லும். போஷ் பண்ணின பெட்டின்னா போஷோட சொந்த எண்ணும் இருக்கும்: 0 261-ன்னு ஆரம்பிச்சா பெட்ரோல், 0 281-ன்னா டீசல். டீசல் இசியூவுக்கு "பெட்ரோல் ட்யூன்" விக்கிறவங்களும் இருக்காங்க, சிரிக்காதீங்க. லேபிளே இல்லை, சுரண்டியிருக்கு, மேல வேற ஸ்டிக்கர் இருக்குன்னா, அதுவே முதல் தகவல்.

அடுத்தது போர்டு. ஹோண்டா சிட்டி விடெக் பைத்தியங்கள் நம்ம காலேஜ்லயே ரெண்டு பேர் இருக்காங்க, அவங்ககிட்ட கேளுங்க. 92-லிருந்து 95 வரை வந்த சிவிக்கோட பி28 இசியூ இந்த உலகத்துல ரொம்பப் பேர் பெற்ற பெட்டி. அந்த போர்டுல 28 கால் சிப்புக்கு இடம் காலியாவே விட்டிருப்பாங்க. அதுல சாக்கெட் வச்சு, பக்கத்துல ஒரு 74எச்சி373 லேட்ச், ரெண்டு கெபாசிட்டர், ஜே1-ங்கிற இடத்துல ஒரு ஜம்பர். அப்புறம் 32 கிலோபைட் கொள்ளுற 27சி256 சிப்புல புது டேபிளை எழுதிச் சொருகினா இசியூ உள்ளே இருக்கிறதை விட்டுட்டு இதைப் படிக்கும். ஆக, சாக்கெட் இருந்தா அந்தப் பெட்டியை யாரோ திறந்திருக்காங்க. சிப் மேல கையெழுத்துல பேர் எழுதின காகிதம் ஒட்டியிருந்தா பிச்சுப் போட்டுடாதீங்க. அடியில கண்ணாடி ஜன்னல் இருக்கிற வகைன்னா, வெயில் பட்டுப் பட்டு டேட்டா அழிய ஆரம்பிக்கும். முதல் வேலை அதைப் படிச்சு ஒரு காப்பி எடுத்து வைக்கிறது. அந்தக் காப்பி இல்லாம ஒரு பைட்டைக்கூட மாத்தக் கூடாது.

போர்டு சுத்தமா இருந்தா வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சிடாதீங்க, நான் அங்கேதான் பாடம் படிச்சேன். ட்யூனிங் பெட்டிக்கு வெளியேயும் இருக்கும். ஒயரிங்கை இசியூ கனெக்டர்ல இருந்து ஒரு முழம் தடவிப் பாருங்க. கம்பெனி டேப்பும் கடை டேப்பும் தொட்டாலே வித்தியாசம் தெரியும். நடுவுல சின்னப் பெட்டி ஒண்ணு மேப் சென்சர், கிராங்க் சென்சர், இன்ஜெக்டர் ஒயர்களை வெட்டிக் கோத்திருந்தா அது பிக்கிபேக். சென்சர் சொல்றதை மாத்திச் சொல்ற மொழிபெயர்ப்பாளர் மாதிரி. எங்க ரெசிஸ்டர் அதுல ரொம்ப ஏழை ரகம். இன்ஜெக்டர் எந்த வண்டியோடதுன்னும் பாருங்க. 1.6-ஓட இன்ஜெக்டர் இருந்தா பெட்ரோல் கணக்கு தற்செயலா பாதி சரியாகிடும், இக்னிஷன் டைமிங் மட்டும் 1.3-க்கு எழுதினதாவே இருக்கும். எங்க வண்டியில அதுவும் 1.3-ஓடதுதான்.

இன்னொண்ணு. ஆன்லைன்ல வாங்கின ஓபிடி டாங்கிளைச் சொருகி "கனெக்ட் ஆகலை, இசியூ போச்சு"ன்னு முடிவு கட்டாதீங்க. நம்ம நாட்டுல ஓபிடி கட்டாயம் ஆனதே பிஎஸ்4 காலத்துக்கு அப்புறம்தான். பழைய சுசுகிக்கு டயக்னாஸ்டிக் கனெக்டர்ல ஒரு ஒயரை பாடியோட ஷார்ட் பண்ணினா செக் இன்ஜின் விளக்கு கண் சிமிட்டிப் பேசும். ஒரு தடவை, இடைவெளி, ரெண்டு தடவை சிமிட்டினா கோட் 12: எல்லாம் சுகம். எங்க மாமா வண்டி எல்லாத்தையும் தாங்கிக்கிட்டு 12-ன்னே சிமிட்டிச்சு. 50 டிகிரிங்கிறது பொய்யா இருந்தாலும், நடக்கக்கூடிய எண் ஆச்சே. இசியூவுக்கு அது ஏன் தப்பாத் தெரியணும்?

"இவ்வளவு எதுக்குடா, பழசைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு ஸ்பீடுயினோ மாட்டி, வைட்பேண்ட் வச்சு ட்யூன் பண்ணிடலாமே"ன்னு நம்ம ஃபார்முலா டீம் பசங்க சொல்றாங்க. கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயில நடக்கிற ஃபார்முலா பாரத் வண்டிக்கு அது சரி. 20 மில்லிமீட்டர் ரெஸ்ட்ரிக்டர் வழியா மூச்சு விடுற வண்டி அது. கூடவே லேப்டாப்போட நாலு பேர் ஓடுவாங்க. மெகாஸ்கொயர்ட், ஸ்பீடுயினோ ரெண்டும் நாம கத்துக்க வேண்டிய நல்ல பாடம்தான், மறுக்கலை. ஆனா மாமா வண்டி ராத்திரி ஒன்பது மணிக்கு மலையில நின்னா லேப்டாப் எங்கே, நீங்க எங்கே? கம்பெனி இசியூ செத்தா புதுப்பேட்டையில அதே எண்ணைத் தேடிப் பிடிச்சு மறுநாள் மாட்டலாம். நீங்க எழுதின டேபிள் செத்தா, நீங்க அப்போ பெங்களூர்ல வேலையில இருப்பீங்க. உழைக்கிற வண்டிக்கு ட்யூனிங்னா அந்த இன்ஜினுக்குப் பொறந்த இசியூவையும் அதோட சென்சர்களையும் சேர்த்து வைக்கிறதுன்னுதான் நான் சொல்லுவேன். கூட அஞ்சு பிஎச்பி வேணும்னா அதுக்கு அப்புறம் பேசலாம். பசங்க என்னை "காயலான்கடை இன்ஜினியர்"னு கூப்பிடுறாங்க. கூப்பிடட்டும்.

இப்போ கசப்பான பகுதி. பெலினோ இசியூவைப் புதுப்பேட்டையில லேபிள் பார்த்தே கண்டுபிடிச்சு, சென்சர், இன்ஜெக்டர் எல்லாம் ஒரே செட்டா மாட்டினோம். டீமோட வைட்பேண்டை ஒரு நாள் கடன் வாங்கி அளந்தோம். வண்டி மலை ஏறுது, நாக் இல்லை, ஃபேன் சுத்துது. ஆனா ஆர்சி புக்கை எடுத்துப் பார்த்தா இன்ஜின் எண் வேற, சிசி வேற. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்சியில இருக்கிற விவரம் கம்பெனியோட மூல விவரத்துக்கு மாறா ஆகுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரி 9-ஆம் தேதி கேரள வழக்கு ஒண்ணுல உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரை சிறை, இல்லைன்னா ரெண்டும். அதைவிடப் பயம் இன்சூரன்ஸ். ஒரு விபத்துன்னு ஆனா, மாத்தின இன்ஜினைக் காட்டி கிளெய்மை மறுக்க அவங்களுக்கு வழி இருக்கு. பின் சீட்டுல ஊர்க்காரங்களை ஏத்துற வண்டி அது.

சட்டம் தப்புன்னு ஒரே வரியில சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரலை. மூணு நாள் நான் ஊர்க்குள்ள ஓட விட்ட அந்த லீன் வண்டியை எந்த இன்ஸ்பெக்டர் கண்ணால பார்த்துக் கண்டுபிடிச்சிருப்பார்? பிடிக்க முடியாததை மொத்தமா தடுக்கிறதுதான் அவங்களுக்குச் சுலபம். ஆனா இதுல ஒரு அநியாயமும் இருக்கு. ஒரே கம்பெனி, ஒரே இன்ஜின் வரிசை, பொருத்தமான இசியூ, அளந்து காட்டின புகை அளவு எல்லாம் இருந்தாலும், முறையா வந்து "பாருங்க சார்"னு நிக்கிறவனுக்கு ஒரு வாசல் இல்லை. ஒளிச்சு ஓட்டுறவனும் சரியாச் செஞ்சவனும் ஒரே தட்டுல. எரிபொருளை மாத்த கிட் போட்டா அதுக்கு விதி இருக்கு, சோதனை இருக்கு, சான்றிதழ் இருக்கு. சிஎன்ஜிக்கு எழுத முடிஞ்ச விதியை இதுக்கும் எழுதலாம். ஒரு வைட்பேண்டும், லேபிள் எண்ணும், அரை மணி நேர லோடு டெஸ்ட்டும் போதும்னு நான் நினைக்கிறேன். அப்படி ஒரு விதி வந்தா முதல்ல ஒழியப் போறது அந்த மினுமினு ஸ்டிக்கர் கடைகள்தான்.

அது வர்ற வரைக்கும்? மாமா முடிவு எடுத்துட்டார். வண்டியை மலைக்கு ஓட்டுறதை நிறுத்திட்டார். சோலா போட்ட சொந்தக் கொல்லைக்குள்ள மட்டும் ஓடுது. ஒழுங்கான 1298 சிசி இன்ஜின், அதோட பொறந்த இசியூ ரெண்டையும் தேடிட்டிருக்கோம். கிடைச்சதும் ஆர்டிஓவுல முறைப்படி எழுதிக் கொடுத்து மாத்தணும். 80 பிஎச்பி போதும்பா, புளி மூட்டைக்கு என்ன அவசரம்னு மாமா சொல்றார். பெலினோ இன்ஜினை எனக்கே தர்றேன்னார். லேப்ல ஸ்டாண்டுல வச்சு ஓட்ட ஹெச்ஓடிகிட்ட கேட்டிருக்கேன்.

உங்ககிட்ட ஒரே ஒரு வேலை கேட்கிறேன். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, கண்ணுல படுற பழைய எம்பிஎஃப்ஐ வண்டி எதுவா இருந்தாலும், ஓனர்கிட்ட கேட்டுட்டு, இசியூ லேபிளை ஒரு போட்டோ எடுங்க. கூடவே வண்டி என்ன, உள்ளே இருக்கிற இன்ஜின் என்ன, என்ன மாத்தியிருக்குன்னு ரெண்டு வரி எழுதுங்க. நம்பர் பிளேட்டும் ஓனர் பேரும் வேண்டாம். எங்க ரூம்ல ஒரு 200 பக்க நோட்டுல தமிழ்லயே எழுத ஆரம்பிச்சிருக்கோம், இதுவரைக்கும் 31 பெட்டி. கச்சிராயபாளையத்துல ஒரு மெக்கானிக் அண்ணன் அதுல நாலு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தன் கடைச் சுவத்துல ஒட்டியிருக்கார். மாமாகிட்ட சொன்னேன். "முதல் பக்கத்துல அந்த 470-ஐ ஒட்டி வை"ன்னார். ஒட்டியிருக்கேன்.